சடையன் தண்ணியாய் உருண்ட கதை

ஆறும் கிடையாது, அருவியும் கிடையாது, மழையை மட்டுமே நம்பி ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்கு நடுவில் ஒரு ஊருணி. மேட்டுக்காட்டில் பெய்கிற மழை வரத்துக்கால் வழியாக ஓடிவந்து அதில் நிறையும். அதைத்தான் ஊரே வருஷம் முழுக்கக் குடிக்கும். அதனால் ஊருணியில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள். படியில் உட்கார்ந்து குடத்தில் மொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய், குடத்தின் உள்பக்கம் தேற்றான்கொட்டையை உரசி வைத்தால் விடிவதற்குள் கலங்கல் எல்லாம் அடியில் படிந்திருக்கும். குளிக்கிறவர்கள் முருங்கை மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து குளிப்பார்கள். அரிசி களைந்த தண்ணி மாட்டுக்கு, பாத்திரம் கழுவின தண்ணி அவரைப் பந்தலுக்கு. அப்படித் தெளிந்த தண்ணிக்கு ஒரு ருசி இருந்தது பாருங்கள், லேசாக மண் வாசனையோடு! இப்போது குடிக்கிற தண்ணியில் தாகம் தீருகிறது, வேறொன்றும் நடப்பதில்லை.

அந்த ஊரில் சடையன், சடையன் என்று ஒருத்தன். ஊரெல்லாம் அவனைக் கிறுக்கன் என்றுதான் சொல்லும். அவன் பெண்டாட்டி ஒச்சாயி. அவர்களுக்கு ஒரே மகள், வெள்ளையம்மா. அவளை அசலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இப்போது தலைப்பிரசவம். அழைத்து வரலாம் என்று ஒச்சாயி போனால், சம்பந்தியம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாளாம்:

"ஏன் மதினி, உங்க ஊருணியில தண்ணி கிடக்கா?"

"அடியில கொஞ்சம் கிடக்கு."

"பிள்ளை பெத்தவளுக்கு வெந்நி வைக்க வேண்டாமா? ஊருணி நிறையட்டும். அன்னைக்கே நான் வண்டி கட்டி அனுப்பிவிடுறேன்."

ஒச்சாயி வெறுங்கையோடு திரும்பி வந்து புருஷனிடம் புலம்பினாள். "போன வாரம்கூட மேட்டுக்காட்டுல மழை பெய்ஞ்சதே, ஊருணிக்கு ஒரு சொட்டு வரலியே! அந்தத் தண்ணி எங்கேதான் போச்சு?"

சடையன் தலையைச் சொறிந்தான். "எனக்கு எப்படித் தெரியும்? தண்ணி வந்த மாதிரியே வந்து பார்த்தாத்தானே தெரியும்" என்றான்.

சொல்லிவிட்டு, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போய், வரத்துக்காலில் குறுக்கே படுத்து, கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்கிற மாதிரி உருள ஆரம்பித்தானாம். உருண்டான், உருண்டான், முள்ளும் கல்லும் குத்தக் குத்த உருண்டான். ஊர் எல்லைக்கு வந்ததும் ஒரு கரையில் போய் முட்டி நின்றான். கரைக்கு அந்தப்பக்கம் பார்த்தால் பூசணிக்கொடி!

அது யார் வேலை என்றால், ஊர் மணியக்காரர் பேச்சிமுத்து வேலை. கோடையில் ஊருணி வற்றும்போது வீட்டுக்கு வீடு வண்டல் அள்ளி, அவரவர் வயலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஊருணியும் ஆழமாகும், வயலுக்கும் உரமாகும். அதுதான் அந்த ஊர் வழக்கம். மணியக்காரருக்கு வயல் தூரம், வரத்துக்காலோ வீட்டுக்குப் பக்கத்திலேயே. "சும்மா காய்ஞ்சு கிடக்குற பள்ளம்தானே, இதுல கொட்டுங்கடா" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். கொட்டின வண்டல் கறுகறுவென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் ஆசை வந்து, மேல்பக்கம் கரை போட்டு, பூசணி விதையை ஊன்றிவிட்டார். போன வாரம் பெய்த கொஞ்ச மழை கரையில் முட்டி நின்று, அந்தப் பாத்திக்கே ஊறிப்போய்விட்டது.

ஊர்க்காரர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் போனார்கள், காய் எவ்வளவு பெரிசு என்று கையை விரித்து அளந்து காட்டிப் பேசிக்கொண்டே போனார்கள். வரத்துக்கால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும். காய்ந்து கிடக்கிறதைப் பார்த்துப் பார்த்து, அது தண்ணி வருகிற பாதை என்பதையே கண் மறந்துவிடும்போல. இல்லை, மறக்கவில்லை, யார் வாயைத் திறப்பது என்றுதான் இருந்தார்களோ? இந்த இடம் வரும்போதெல்லாம் யோசிக்கிறேன், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சரி, கதைக்கு வருவோம்.

மணியக்காரர் சத்தம் போட்டார். "ஏன்டா சடையா, கிறுக்கு முத்திப்போச்சா?"

"சடையனா? நான் தண்ணி அய்யா. ஊருணிக்குப் போகணும், வழி விடுங்க."

"தண்ணியாம்ல! தண்ணிக்கு மீசை எதுக்குடா?" என்றார். கூடி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாளும் சடையன் உருண்டு வந்தான். கரையில் முட்டினான். தண்ணி முட்டினால் சும்மா நிற்குமா? பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்தான். மணியக்காரர் வீட்டுப் பக்கம்தான் பள்ளம். அப்படியே திரும்பி உருண்டு, அவர் வாசற்படி ஏறி, நடுவீட்டுக்குப் போய், தானியம் கொட்டி வைத்திருந்த மண் குதிருக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டான். மணியக்காரர் பெண்டாட்டி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எந்திரிடா எடுபட்ட பயலே! யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

"யாரையும் கேட்கலை ஆத்தா, பள்ளம் இழுத்துச்சு, வந்துட்டேன். கோவிச்சுக்காதே, நாளைக்குப் பெரிய ஆளே வருவான்."

பிராது அய்யனார் கோயில் முன்னால் வந்தது. ஊர் கூடியது. "கிறுக்கன் என் வீட்டுக்குள்ளே உருள்றான், இவனைக் கட்டிப்போடுங்க" என்றார் மணியக்காரர். ஒச்சாயிக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கட்டுங்க. அவரைக் கட்டிப்போடலாம். மழையை எந்தக் கயிறு போட்டுக் கட்டுவீங்க? என் மக வயித்துச் சுமையோட அங்கே காத்துக் கிடக்கா. அந்தக் கரையை வெட்டிவிடுங்க மாமா."

மணியக்காரர் சிரித்தார். "மழை என் வீட்டுக்குள்ளே வருமோ? அய்யனார் மேல சத்தியமாச் சொல்றேன். ஒரு சொட்டு என் வாசற்படியைத் தாண்டட்டும், என் கையாலேயே கரையை வெட்டுறேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஊருணியில முதல் கூடை வண்டலை நானே தலையில சுமக்கிறேன்!"

ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. அய்யனாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மேட்டுக்காட்டில் இருட்டிக்கொண்டு வந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. செம்மண் கலங்கலாக வரத்துக்கால் நிறைய வெள்ளம் உருண்டு வந்தது. கரையில் முட்டியது, நின்றது, திரும்பியது, மணியக்காரர் வாசற்படி ஏறியது. சடையன் எப்படிப் போனானோ இம்மியும் பிசகாமல் அப்படியே நடுவீட்டுக்குப் போய் மண் குதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. மண் குதிர் தண்ணியில் எத்தனை நேரம் நிற்கும்? அடி கரைந்து சாய்ந்தது. கம்பும் வரகும் பொலபொலவென்று கொட்டி வெள்ளத்தோடு வாசலுக்கு ஓடிற்று.

"ஐயோ, என் குதிர்! மண்வெட்டி எங்கே? மண்வெட்டியை எடுங்கடா!" என்று அலறிக்கொண்டு, மணியக்காரர் தன் பாத்தியைத் தானே மிதித்துக் குலைத்து, தன் கரையைத் தானே வெட்டினாராம்.

ஊருணிக்கரையில் ஊரே நனைந்துகொண்டு நின்றது. முதலில் நுரை வந்தது. அப்புறம் சருகு வந்தது. அதற்கப்புறம் ஒரு பூசணிக்காய், அதன் பின்னால் இன்னொரு பூசணிக்காய் என்று வரிசையாக உருண்டு வந்து தொப்புத்தொப்பென்று ஊருணியில் விழுந்து மிதந்தன. ஒச்சாயி சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். சடையன் மட்டும் கரையில் உட்கார்ந்து முதுகில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"இப்பச் சொல்லு," என்றாள் ஒச்சாயி, "தண்ணி எப்படி வந்துச்சு?"

"எப்படி வரும்? என்னைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டு வந்துச்சு" என்றானாம்.

மழை விட்டதும் சம்பந்தி வீட்டு வண்டி வந்தது. வெள்ளையம்மா இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஊருணிப் படியில் உட்கார்ந்து, கையால் அள்ளி ஒரு வாய் குடித்தாளாம். அன்றைக்கு ஊர் முழுக்கப் பூசணிக்காய்க் குழம்பு.

அடுத்த கோடையில் வண்டல் அள்ளினபோது மணியக்காரர் முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தூரத்து வயலுக்கு நடந்தார். அன்றிலிருந்து வண்டல் அள்ளும் நாளில் யாராவது ஒருத்தர் மேட்டுக்காட்டிலிருந்து ஊருணி வரைக்கும் உருண்டு வருவதை அந்த ஊர் வழக்கமாகவே வைத்துக்கொண்டது. உடம்பு எங்கே முட்டுகிறதோ அங்கே மண்ணை வெட்டுவார்கள். உருண்டவர் முதுகுக்கு ஒச்சாயி வீட்டில் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பாக இருக்குமாம்.

அப்புறம் எந்த வருஷம் உருளுவதை விட்டார்கள், யார் முதலில் வெட்கப்பட்டார்கள் என்று கதையில் இல்லை.

பூசணிக்காய் குழம்பாச்சு, குழம்பு சோத்தோட போச்சு, கதையும் இத்தோட ஆச்சு. சொம்பில் மிச்சம் இருக்கிற தண்ணியைக் கொட்டிவிடாமல் அந்தத் துளசிக்கு ஊற்றிவிட்டுப் படுங்கள்.