குடைக்கடைக் குத்தாலிங்கம் வருமான வரியை ஒழித்தது

அம்பாசமுத்திரம் பஜாரில் குடைக்கடை வைத்திருக்கும் குத்தாலிங்கம் வாயைத் திறந்தால் அண்டப்புளுகும் ஆகாசப்புளுகும் கைகோத்துக்கொண்டு வரும். குற்றாலத்தில் சீசன் நின்றாலும் நிற்கும், அவர் வாய் நிற்காது. தாம் பதினாறு தடவை விமானத்தில் பறந்ததாகப் பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாவம், அத்தனை ஆசை.

அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டு, நாடு முழுக்க விற்பனைக்கு மட்டும் ஒரே வரி போடலாமா என்று டெல்லியில் ஒரு மாநாடாம். வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் வந்து கருத்துச் சொல்லலாம், விமான டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. தாம்தான் போகப்போவதாகக் குத்தாலிங்கம் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார். அவர் மனைவி கோமதி புதுப் பெட்டி வாங்கி, தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டியும் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கக் கமிட்டி கூடியது. தலைவர் இரும்புக்கடை செல்லத்துரை, பாத்திரக்கடை ஆவுடையம்மாள், அல்வாக்கடை மைதீன் பாய், அப்புறம் நம் குத்தாலிங்கம், ஆக நாலே பேர். யாரை அனுப்பலாம் என்று தலைவர் வாயெடுப்பதற்குள் குத்தாலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுக்கு எதுக்கு வே யோசனை? இதே வேலைய நான் ஒரு நாட்டுல செஞ்சு முடிச்சவன்லா?”

“எந்த நாட்டுல?” என்றாள் ஆவுடையம்மாள்.

“மஞ்சாடித் தீவு. மேப்புல தேடாதீங்கக்கா. மேப்பு போடுதவன் பேனா முனை அந்தத் தீவைவிடத் தடிமன். குடை விக்கத்தான் போனேன். ராசா என்னைக் கூப்பிட்டு, ‘குத்தாலிங்கம், வரியே வசூலாக மாட்டேங்கு’ன்னு அழுதாரு. அங்க வருமான வரிக்காரன் வாரான்னா போதும், நாலு மாடி வீட்டுக்காரன் கிழிஞ்ச பனியனோட வாசல்ல வந்து உக்காந்துருவான். கிழிஞ்ச பனியன வாடகைக்கு விடுததுக்கே எட்டுக் கடை. ஒரு நாள் அந்தப் பனியன் கடைக்காரன் வீட்டுக்கே ரெய்டு போயிட்டு. பாவம், அவனுக்குப் போட்டுக்கிட ஒரு பனியன் இல்ல. எல்லாம் வாடகைக்குப் போயிருக்கு!”

தலைவர் சிரித்துவிட்டார். குத்தாலிங்கத்துக்குத் தெம்பு வந்தது. டிக்கெட்டில் பாதி கைக்கு வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

“நான் சொன்னேன், ‘ராசா, சம்பாதிக்கவன விட்டுரும், வாங்குதவனப் பிடியும்.’ மறுநாளே வருமான வரி ரத்து. எது வாங்கினாலும் பத்து ரூவாய்க்கு மூணு ரூவா வரி. சனங்க என்னைத் தோள்ல தூக்கி வச்சு ஆடினாங்க. ஒரு வாரம் என் கால் தரையில படல.”

“எட்டாம் நாள் கீழ போட்டிருப்பாங்களே?” என்றாள் ஆவுடையம்மாள்.

“நீங்க நேர்ல பாத்த மாதிரி சொல்லுதீங்கக்கா! ஆமா, போட்டாங்க. வரிக்குப் பயந்து ஒரு பய ஒண்ணும் வாங்கல. ஒரு தெருவுக்கு ஒரே சோப்பு. ஆத்துல வரிசையா நிப்பாங்க. மேல நிக்கவன் தேச்சுட்டுத் தண்ணியில விடுவான், அடுத்தவன் பிடிச்சுத் தேச்சுட்டு விடுவான். கடைசி ஆளுக்கு நுரைதான் வரும். அதை அவன் செம்புல மோந்துட்டுப் போயி வீட்டுல துணி துவைப்பான்.”

“யா அல்லா!” என்றார் மைதீன் பாய்.

“கல்யாணத்துக்கு ஊருக்கு ஒரே பட்டு வேட்டி. ஒரே முகூர்த்தத்துல பதினோரு கல்யாணம், பாத்துக்கிடுங்க. ஒரு மாப்பிள்ளை தாலி கட்டினதும் வேட்டிய உருவி சைக்கிள்ல கொண்டுட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுவாங்க. பதினோராவது மண்டபத்துக்கு வேட்டி வந்து சேரும்போது பொண்ணுக்கு நரை விழுந்துட்டு!”

மைதீன் பாய் சிரிக்கவில்லை. விரலால் மேஜையைத் தடவியபடி கேட்டார். “அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வருமானமே இல்லாதவன் முன்னால வரி கட்டல. இப்பம் அவனும் அரிசி வாங்கணும்லா? பணக்காரனுக்கும் அதே மூணு ரூவா, அவனுக்கும் அதே மூணு ரூவாயா?”

 தீவுக் கதையை விட்டால் டிக்கெட் போய்விடுமே என்று குத்தாலிங்கம் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அதெல்லாம் சின்ன விசயம் பாய், கதை எங்க போகுது பாரும். கசானா காலி. அப்பம்தான் நான் ரெண்டாவது வரி போட்டேன். விலையக் கேட்டுட்டு வாங்காமப் போறவனுக்கு வரி!”

இது மட்டும் மூன்று வியாபாரிகளுக்கும் நெஞ்சில் போய்த் தைத்தது. ஆவுடையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒம்பது குடத்த எறக்கச் சொல்லி, தட்டித் தட்டிப் பாத்துட்டு, ‘அவுககிட்ட கேட்டுட்டு வாரேன்’னு போறாளுகளே, அவளுகளுக்குமா?”

“அவளுகளுக்கு ரெட்டை வரிக்கா! இருபது குடைய விரிச்சுப் பாத்துட்டுப் போறவனுக்கு மூணு மடங்கு. ஒரே வாரம். கசானா ரொம்பி, அரமனை ரொம்பி, ரோடெல்லாம் நாணயம். அந்தக் கனத்துல தீவே கடலுக்குள்ள மூணு அடி எறங்கிட்டு!”

“தீவுக்குச் சங்கு ஊதிட்டீரா?” என்றார் தலைவர்.

“விடுவனா வே? கரையச் சுத்திப் பத்தாயிரம் குடைய நட்டு, காத்து வரும்போது ஒரே நேரத்துல விரின்னேன். தீவு கடல விட்டுக் கிளம்பி, அந்தரத்துல நின்னுச்சு! மேல போன ப்ளேன்காரன் என்னைப் பாத்து, ‘அண்ணாச்சி, நம்ம ப்ளேன்ல வராம இதென்ன தனியா?’ன்னு கேக்கான். பதினாறு தடவை போனவன்லா, அம்புட்டுப் பழக்கம். நான் ஏறினா சன்னல் சீட்டுதான், சுக்குக் காப்பிதான். எனக்கே சலிச்சுப் போச்சு. என்ன செய்ய, நாட்டுக்காகப் பதினேழாவது தடவையும் போயிட்டு வாரேன்.”

சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். கேழ்வரகில் நெய் வடிகிற கதை என்று தெரிந்தேதான் தலைவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்துக் குத்தாலிங்கத்தின் பெயரை எழுதப் போனார்.

“கொஞ்சம் பொறும் தலைவரே,” என்றாள் ஆவுடையம்மாள். “தம்பிக்குப் பறந்து பறந்து சலிச்சுப் போச்சு. திரும்பவும் ஏத்திவிட்டா நமக்குத்தான் பாவம். நம்ம பாய் இதுவரைக்கும் ப்ளேன்ல கால் வச்சதில்ல. அங்க போயிக் கேக்க வேண்டிய கேள்வியவும் அவருதான் கேட்டாரு. அவரு போகட்டும்.”

“அதுவும் சரிதான்,” என்று தலைவர் மைதீன் பாயின் பெயரை எழுதினார்.

‘நான் ஏறியதே இல்லை, அக்கா.’ இதை மட்டும் சொன்னால் போதும். ஆவுடையம்மாள் இளகிய மனசுக்காரி, விட்டுக்கொடுத்திருப்பாள். தீவையே அந்தரத்தில் தூக்கி நிறுத்திய வாய்க்கு அந்தச் சின்ன உண்மையைத் தூக்க முடியவில்லை. கோமதியின் புதுப் பெட்டி கண்முன்னால் வந்து நின்றது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மைதீன் பாய் விமானத்தை நினைத்துப் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, ப்ளேன்ல இடுப்புக்கு என்னமோ பெல்ட்டு போடணும்பாங்களே, அதை எப்பிடிப் போடணும்? நீங்கதான் சொல்லித்தரணும்.”

மூன்று பேரும் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள்.

“அதை வருசா வருசம் மாத்திருவான் பாய்,” என்றார் அவர். “பக்கத்து சீட்டுக்காரன் போடுதத பாத்துப் போட்டுக்கிடும்.”