ஒரு லிட்டர் கூடுதல்

சவரிமுத்து இருபத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் இஞ்சின் பிரித்தவர். ஓய்வு பெற்றதும் கணபதி பகுதியில் இருந்த ரேணுகாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். ரேஸ் கார் இஞ்சின் கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவள் என்று பாராமல் அவளையே குருவாக ஏற்றுக்கொண்டார்.

போன மாதப் பந்தயத்தில் அவர் கட்டிய இஞ்சின் நாலாவது சுற்றில் ஜாம் ஆகி நின்றது. கார் சுழன்று டயர்ச் சுவரில் மோதியது. ஓட்டிய நவீனாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பிரித்துப் பார்த்தபோது பேரிங் கருகியிருந்தது. பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று சவரிமுத்து தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். ரேணுகா ஒன்றும் சொல்லவில்லை.

நவீனாவின் கை கூடிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டப்போகிறாள். அவளுக்கென்று ஒரு புது இஞ்சினைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார் சவரிமுத்து. சோதனை மேடையில் ஏற்றினால், நிமிடத்துக்கு ஏழாயிரம் சுழற்சியைத் தாண்டியதும் அது மூச்சு வாங்கியது. வேகம் கூடக் கூட பலம் இறங்கியது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு ரேணுகாவிடம் போனார்.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது அம்மணி. அப்புறம் எது இதைப் பிடிச்சு இழுக்குது?"

ரேணுகா மூலையில் கிடந்த பழைய இஞ்சின் ஒன்றை மேசைக்கு ஏற்றினாள். அதன் ஆயில் தொட்டியில் ஒரு பக்கத்தை அறுத்துக் கண்ணாடி பதித்திருந்தது. புது இஞ்சினில் ஆயில் அளவுகோலின் மேல் கோட்டுக்கு மேலே எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டாள். ஒரு லிட்டர் என்றார். அதே அளவுக்கு ஊற்றி, மின்மோட்டாரைப் பூட்டி முடுக்கினாள்.

உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அறைந்தது. வாரிச் சுருட்டித் தன்னோடு இழுத்துக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க நுரை. மோட்டார் திணறியது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. பம்ப் உறிஞ்சியதில் பாதி காற்று; பேரிங்குக்குப் போதிய ஆயில் போகவில்லை.

நிறுத்தி, கூடுதல் ஆயிலை வடித்தாள். கிராங்குக்கும் ஆயிலுக்கும் நடுவே துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தி மறுபடி ஓட்டினாள். தெறித்த ஆயில் துளைகள் வழியே இறங்கி அடங்கியது. மோட்டார் சத்தம் லேசானது. முள் அசையாமல் நின்றது.

சவரிமுத்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு வேறொன்று புரிந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போன மாசமும் ஒரு லிட்டர் கூடத்தானுங்க ஊத்தினேன். அந்தப் புள்ளைக்கு நடு ட்ராக்குல ஆயில் காஞ்சு போயிரக்கூடாதுன்னு."

"தெரியுமுங்கண்ணா. வடிச்ச ஆயிலை அன்னைக்கே அளந்து பார்த்தேன்."

"அன்னைக்கே ஏனுங்க அம்மணி சொல்லலை?"

ரேணுகா மோட்டாரை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அளவைப் பார்க்காம வண்டியை ட்ராக்குக்கு விட்டது நானுங்கண்ணா. உங்க தப்பைச் சொல்லணும்னா முதல்ல என் தப்பைச் சொல்லணும். அதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆயிருச்சு."