வானவில்லின் மீதிப் பாதி

மேகமும் மரமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வானவில் பாதியாக இல்லை. பெரிய வளையல் போல முழு வட்டமாக இருந்தது. மழை விட்டதும் மலைச்சரிவில் உருண்டு இறங்கி, அடிவாரத்து ஊருக்குள் வந்து நிற்கும்.

பெரியவர்கள் தினைக்கொல்லைக்குப் போயிருப்பார்கள். ஊரில் இருப்பது நடை பழகிய சின்னஞ்சிறுசுகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செம்பியும்தான். பிள்ளைகள் வானவில்லில் கையை முக்கிப் பாறையில் அப்புவார்கள். ஒருத்தி பச்சைக் கோழி வரைவாள். ஒருவன் தன் தொப்பையிலேயே சூரியன் வரைந்துகொள்வான். வானவில் கூச்சத்தில் நெளிந்துகொண்டே நிற்கும். வெயில் ஏறினால் கிளம்பிவிடும்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரு, வில்லக்கா!"

"ஈரம் காய்ந்தால் நான் பிழைக்கமாட்டேன் கண்ணுகளா. அடுத்த மழைக்கு வருகிறேன்."

ஒரு மழைக்காலத்தில் செம்பியின் ஒரே மகள் கொன்றை காய்ச்சலில் விழுந்தாள். நான்கு வயதுக் குழந்தை. கஞ்சி இறங்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை. எப்போதாவது, "வில்லக்கா வந்துட்டாளா?" என்று மட்டும் முனகுவாள்.

அன்று மழை விட்டதும் செம்பி ஓடிப்போய் வானவில்லிடம் அழுதாள். "ஒரு தடவை வந்து அவளைப் பார். உன்னைப் பார்த்தால் எழுந்துவிடுவாள்."

குடிசை சின்னது. வானவில் வளைந்து, தன்னில் பாதியை உள்ளே நுழைத்தது. மண்சுவரெல்லாம் நிறமாயிற்று. கொன்றை கண் திறந்தாள். கையை நீட்டிச் சிவப்பைத் தொட்டாள். சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

வெளியே வெயில் சுள்ளென்று ஏறிற்று. வானவில் மெல்ல அசைந்தது. போய்விடப் போகிறது என்று செம்பிக்குப் பதறியது. போனால் பிள்ளையின் கண் மறுபடி மூடிவிடுமே! வேறொன்றும் யோசிக்காமல் வாசலின் ஓலைப்படலை இழுத்து அடித்துச் சாத்தினாள்.

வானவில் இரண்டாக அறுந்தது.

உள்ளே விழுந்த பாதி நிறம் மங்கி மங்கித் தரையில் வெறும் ஈரமானது. கொன்றை அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் அவள் மூச்சும் அடங்கிவிட்டது.

செம்பி படலைத் திறந்தபோது, மீதிப் பாதி வெயிலில் துவண்டபடி வாசலிலேயே கிடந்தது.

"வெயிலுக்கு முதுகைத் திருப்பத்தான் அசைந்தேன், செம்பி. பிள்ளை சிரிக்கும்போது எப்படிப் போவேன்?" என்றது.

அவள் மண்ணில் விழுந்து அழுதாள். வானவில் அவளைத் திட்டவில்லை. மெதுவாக எழும்பி, திரும்பிப் பார்க்காமல் மலையேறிப் போயிற்று.

அடுத்த மழைக்கு அது தொலைவிலேயே நின்றது, பாதி வளையமாக. பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். ஓட ஓட அது விலகியது. ஏங்கி அழுதபடி திரும்பி வந்தார்கள்.

அந்த அழுகை கேட்டுத்தான் செம்பி எழுந்து வெளியே வந்தாள். மஞ்சளை அரைத்தாள். செம்மண்ணைக் குழைத்தாள். அவரை இலையைக் கசக்கினாள், நாவற்பழத்தைப் பிழிந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் தடவி, பாறையில் வரிசையாக வளைத்துப் பதிக்கச் சொன்னாள்.

"மீதிப் பாதி எங்கே, அத்தை?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"அதைக் கொன்றை எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றாள் செம்பி.

அன்று தொடங்கியதுதான். இன்றும் வானவில் அருகே போனால் விலகிப் போகிறது. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகள், கையில் சாயம் கிடைத்ததும் உள்ளங்கையைப் பதித்துப் பதித்து, பாதி வானவில்தான் வரைகிறார்கள்.