மேனேஜரின் கைராசி

அந்தச் சாயப்பட்டறையில் எந்த மெஷினையும் மேனேஜர் குலசேகர் தொட்டுத்தான் தொடங்கி வைப்பார். கைராசிக்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. அடியிலோ நெருப்பு தகதகவென எரிந்தது. பாய்லர் பார்க்கும் அவிநாசியப்பன் ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்தான்.

"நெருப்ப அணைச்சு ஆற உடோணுங்க சார்."

"வேலை நிக்கக் கூடாது! தண்ணிய விடுடா."

"காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுருங்க. அத்தன பேரும் போயிருவோம்."

"பயந்தாங்கொள்ளி!"

அவிநாசி கைகூப்பினான். "அப்படின்னா உங்க ராசியான கையாலயே வால்வைத் திறங்க சார். நாங்க கேட்டுக்கு வெளியே நின்னு கும்பிட்டுக்கறோம்."

மேனேஜர் வால்வைப் பிடித்தார். உள்ளே இரும்பு முனகியது. கை திரும்பவில்லை.

"ஏண்டா நிக்கற? நெருப்ப அணைடா!"

பாய்லர் மெல்ல ஆறியது. அந்தக் கையின் நடுக்கம்தான் ஆறவேயில்லை.