அமுங்கிய இடம்

மங்கையர்க்கரசி மண் ஆய்வு செய்யும் பொறியாளர். வயது நாற்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த அருளப்பனுக்கு ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாகக் கட்டடம் கட்டியவர். மண்ணைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஐம்பத்து நான்கில்தான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் கிளம்பி வந்தாரே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நான் கட்டுன பள்ளிக்கூடம் மூணாம் வருஷமே ஒரு பக்கமா இறங்கி விரிசல் விட்டுடுச்சு மேடம். நல்லவேளை, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. இனிமே என்னை நம்பி யாராவது ஒரு கட்டடத்தக் குடுப்பாங்களா?"

மங்கையர்க்கரசி அவரை அலையாத்திக்குப்பத்துக்கு அழைத்துப் போனார்.

கடலோரக் களிமண் பூமி அது. கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். புயல் அடித்தால் ஊரே வந்து ஒதுங்குவதற்கு அங்கே ஒரு கட்டடம் வேண்டும். மங்கையர்க்கரசி ஒரு செங்கல்கூட இறக்கவில்லை. லாரி லாரியாக மண்ணைக் கொட்டச் சொன்னார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு எழுந்தது. வரப்போகும் கட்டடத்தைவிட அந்த மேட்டுக்கு எடை அதிகம்.

மேட்டின் உச்சி அன்றைக்கு எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில் ஒரு சிவப்புக் கயிற்றை வெளியே நட்ட கம்பங்களில் மேட்டுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள்.

"இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"காத்திருக்கணும் சார். இறங்க வேண்டியதெல்லாம் இப்பவே இறங்கட்டும், அப்புறம் மேட்ட எடுத்துட்டுக் கட்டலாம். கயித்துக்குக் கீழ எவ்வளவு இறங்கியிருக்குன்னு தினம் அளந்து எழுதுங்க."

அருளப்பன் அளந்தார். மேட்டின் பாரத்தில் அடிக் களிமண் பிழிபட்டு, சுற்றிலும் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மீன் கூடையோடு அந்த வழியாகப் போகும் செல்லக்கிளி அவரைச் சும்மா விடமாட்டார்.

"என்னா சாரு, மண்ணக் கொட்டி ஆறு மாசம் ஆச்சே, மொளச்சிடுச்சா?"

அருளப்பன் சிரித்து வைப்பார். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஏழாம் மாதம் மேடு இறங்குவது நின்றுபோனது. மொத்தம் மூன்று அடி இறங்கியிருந்தது. செயற்பொறியாளர் குலசேகரன் நேரில் பார்க்க வருகிறார், கட்டும் பொறுப்பு யாருக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிடும் என்று தகவல் வந்தது. அருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வரும் நாளன்று காலையில் மங்கையர்க்கரசி மேட்டின் மேல் ஏறிப் பார்த்தார். சிவப்புக் கயிறு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

"கயிறு ஏன் சார் கீழ வந்துச்சு?"

"நான்தான் மேடம் எறக்கிக் கட்டுனேன்." அருளப்பன் தலையைச் சொறிந்தார். "மூணு அடி இறங்கிக் கெடக்கறதப் பாத்தா வர்றவரு என்ன நெனப்பாரு? நமக்குத்தானே அசிங்கம்."

"அசிங்கமா? ஏழு மாசமா இந்த மண்ணு செஞ்ச வேலையே அதுதான். அதப் போய் மறைச்சிருக்கீங்களே!"

அவர் அப்படிக் கோபப்பட்டு அருளப்பன் பார்த்ததில்லை. உடனே போய் ஒரு கம்பத்தில் ஏறினார். மங்கையர்க்கரசி புடவையைச் செருகிக்கொண்டு இன்னொன்றில் ஏறினார். கயிறு பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

குலசேகரன் வந்து மேட்டின் நடுவில் நின்றார். கயிறு அவர் இடுப்பைத் தொட்டது.

"இவ்வளவா இறங்கிடுச்சு?"

"மூணு அடி சார்! கடைசி ஒரு மாசத்துல ஒரு நெல்லுமணி அளவுகூட இறங்கல." மகள் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல மங்கையர்க்கரசி சொன்னார்.

"சரி, மேட்ட எடுத்துடலாம். கட்டப்போறது யாரு?"

"அருளப்பன் சார்."

குலசேகரன் திரும்பிப் பார்த்தார். யாரும் கேட்காமலே அருளப்பன் முன்னால் வந்தார்.

"மூணு வருஷத்துல விரிசல் விட்ட பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு சார். அதக் கட்டுனது நான்தான்."

குலசேகரனின் முகம் மாறியது. மங்கையர்க்கரசியிடம், "இது தெரிஞ்சுமா இவர்கிட்ட குடுக்கச் சொல்றீங்க? இதுவரைக்கும் சறுக்காத ஆளு ஒருத்தர்கூடவா கெடைக்கல?" என்று கேட்டார்.

மங்கையர்க்கரசி மேட்டுக்கு அப்பால் கையைக் காட்டினார். வெயிலில் வழவழவென்று சமமாகக் கிடந்தது களிமண்.

"அந்த எடம் இதுவரைக்கும் ஒரு அங்குலம்கூட இறங்கினதில்ல சார். அங்க கட்டிடலாமா?"