முப்பதும் நாற்பதும்

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் சர்வர் அறையில் அருமைநாயகம் கொதித்துக்கொண்டிருந்தார்.

எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, தலை நரைத்தபிறகு நெட்வொர்க் வேலைக்கு மாறியவர் அவர். கற்றுக்கொடுத்தது நஸ்ரின். வயதில் இளையவர்தான், ஆனாலும் அருமைநாயகத்துக்கு அவர் டீச்சர்.

அன்று காலை, கணினிகளை இணைக்கும் புது நெட்வொர்க் ஸ்விட்ச் பூட்டினார்கள். அதுவரை ஐ.சி.யூ. மானிட்டர்கள், பில்லிங் கவுண்டர், பார்வையாளர்களின் வை-ஃபை எல்லாம் ஒரே குட்டையில் கலந்து கிடந்தன. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, வி-லான் என்னும் தனித்தனி வாய்க்காலாகப் பிரித்தாயிற்று. காவல் பெட்டியான ஃபயர்வாலுக்குப் போவது மட்டும் ஒரே கேபிள். அதில் வரும் ஒவ்வொரு தகவலின் நெற்றியிலும் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்துத்தான் எது யாருடையது என்று ஃபயர்வால் அறியும்.

அருமைநாயகம் கேபிளைச் செருகினார். பில்லிங் ஓடியது. வை-ஃபை ஓடியது. ஐ.சி.யூ.வில் எல்லாப் படுக்கைகளையும் ஒருசேரக் காட்டும் பெரிய திரை இருண்டுபோனது.

தலைமை நர்ஸ் புஷ்பலதா வாசலில் வந்து நின்று, பத்துப் பேர் பார்க்கக் கத்தினார்.

"உங்க வயர் விளையாட்டுக்கு என் பேஷண்டுதான் கிடைச்சாங்களா?"

அருமைநாயகத்தின் காது மடல் சிவந்தது. ஃபோனை எடுத்தார். ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் பத்ரிநாத் சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்தார்.

"எங்க பக்கம் எல்லாம் சரி சார். உங்க ஸ்விட்ச்சைப் பாருங்க."

"என் பக்கமும் சரிதான்வே! உம்ம பெட்டியைப் பாரும்."

"மரியாதையாப் பேசுங்க."

"திரை இருண்டு கெடக்கு, மரியாதை கேக்கீராக்கும்!"

இணைப்பு அறுந்தது.

நஸ்ரின் உள்ளே வந்தபோது அவர் மேலிடத்துக்கு அனுப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க டீச்சர். போர்ட், டேக், ட்ரங்க், எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே இருக்கு. ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்."

நஸ்ரின் பார்த்தார். "தப்பு இல்லை."

"அப்ப அவன்தான் தப்பு."

"ஐ.சி.யூ.வுக்கு அவர் என்ன எண் போட்டிருக்கார்?"

"நான் எதுக்குக் கேக்கணும்? ஃபோனை வச்சவன் அவன். அவனே கூப்பிடட்டும்."

நஸ்ரின் தன் ஃபோனை எடுத்தார். "நான் கேக்குறேன். ஐ.சி.யூ.ல ஒரு ஆள் குறையுதாம். நீங்க போங்க அண்ணே."

"நான் அங்க போய் என்ன செய்ய?"

"சிஸ்டர் சொல்றதைச் செய்ங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். பெரிய திரை இல்லாததால் படுக்கைக்கு ஒருவராக நர்ஸுகள் நின்றிருந்தார்கள். புஷ்பலதா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கண்ணாடி அறைக்குக் கை காட்டினார்.

"படுக்கை மானிட்டர்ல அந்த நீல ஆக்ஸிஜன் நம்பர் தொண்ணூறுக்குக் கீழ போனா கத்துங்க. வேற எங்கயும் பார்க்காதீங்க."

படுக்கையில் ஒரு பெண். முகத்தில் மாஸ்க். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"டாக்டரா?"

"இல்லம்மா. வயர் வேலை பார்க்கிறவன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொண்ணூற்று நான்கு. பத்ரிநாத்துக்கு எழுதவேண்டிய வார்த்தைகள் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தொண்ணூற்று மூன்று. எழுதினால் அவன் வேலையே போகவேண்டும். தொண்ணூற்றொன்று. வார்த்தைகள் ஓடிவிட்டன. நீல எண் மட்டும் இருந்தது. எண்பத்தொன்பது.

"சிஸ்டர்!"

அது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை. புஷ்பலதா ஓடிவந்து, நழுவியிருந்த மாஸ்க்கை இறுக்கி, அந்தப் பெண்ணை நிமிர்த்திப் பிடித்தார். எண் மெல்ல ஏறியது. வேறொரு நர்ஸ் வந்து அருமைநாயகத்தை விலக்கிவிட்டு நின்றுகொண்டாள்.

அவர் படிகளில் தாவி இறங்கி சர்வர் அறைக்கு ஓடினார். பத்ரிநாத்தின் ஃபோன் அதுவரை பிசியாகவே இருந்திருக்கிறது. அவரும் தன் மேலாளரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் நஸ்ரினுக்கு லைனில் கிடைத்திருந்தார்.

"குடுங்க டீச்சர்." பறித்துக்கொண்டார். "சார், ஐ.சி.யூ.வுக்கு என்ன எண்?"

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"நாற்பது. உங்ககிட்ட?"

"முப்பது."

"நாங்க பார்க்கிற எல்லா ஆஸ்பத்திரியிலயும் நாற்பதுதான் சார்..."

"இருக்கட்டும். நான் மாத்திருதேன்."

மாற்றினார். மாடியிலிருந்து யாரோ "வந்துட்டு, வந்துட்டு" என்று கூவினார்கள்.

நாற்காலியில் சரிந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு அடங்கியதும் பழைய சூடு மெல்லத் திரும்பியது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் முப்பது போட்டது தப்பா?"

"இல்லை."

"அவரு நாற்பது போட்டது?"

"அதுவும் தப்பில்லை."

அப்போதுதான் நஸ்ரினின் முகத்தைப் பார்த்தார். உதடு இறுகி, கண் சிவந்திருந்தது. இத்தனை நாளில் அவர் பார்த்திராத முகம்.

"பின்ன யார் மேல டீச்சர் இவ்வளவு கோபம்?"

"ரெண்டு பேரும் சரியா இருந்தீங்க அண்ணே. என் கோபமே அது மேலதான்."