நுரைக்கூட்டின் கீழே ஓர் அண்டா

பேச்சிப்பாறைக்கு அப்பால், மழைக்காட்டின் ஓரத்தில் ஓர் ஆசிரமம். அதன் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே சமையல் பார்க்கும் சீடர் வேலப்பனுக்கு அறுபது நெருங்கிவிட்டது. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

அன்று வேலப்பன் வந்ததும் வராததுமாகப் புலம்பினார்.

“என் மக சுகந்தி புனேயில நர்ஸ் வேலைக்குப் போறாளாம். தாயில்லாப் பிள்ளை. பாஷையும் தெரியாது. நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா கேப்பா, அம்மா.”

குரு சமையற்கட்டுத் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

அங்கே ஒரு கிளை கயிற்றில் தொங்கியது. அதில் வெள்ளையாக ஒரு நுரைக்கூடு. மரத்தவளை முட்டையிட்ட கூடு. குளத்துக்கு நேர் மேலே நீட்டியிருந்த கிளை அது. “எந்தத் தாய்க்காவது இப்படிப் புத்தி போகுமா? தவறினா நேரா தண்ணிதான்!” என்று தவளையைத் திட்டிக்கொண்டே, போன வாரம் வேலப்பன்தான் அதை வெட்டிவந்து கட்டினார். இளகிய மனசு, என்ன செய்ய!

குரு எழுந்துபோய் ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, கூட்டுக்கு நேர் கீழே வைத்தார்.

“ஐயோ, விழுந்து செத்துப்போகும்மா!” வேலப்பன் அதைத் தள்ளி வைத்தார்.

குரு மறுபடி இழுத்து வைத்தார். இவர் மறுபடி தள்ளினார். குருவிடமே மல்லுக்கு நிற்கிற சீடர்! குரு சிரித்தார். பூசைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் தாழ்வாரத்துக்குள் அடித்து நுரை கரைந்தது. பொரிந்திருந்த தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டின, வெறும் சிமெண்டுத் தரையில். வாலை அடித்துத் துடித்தன.

“அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!”

வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். அண்டாவை அவரே இழுத்துவந்து நுரைக்கு அடியில் வைத்தார். தரையில் கிடந்தவற்றை இலையால் வாரிப் போட்டார். நாலைந்து அசையவே இல்லை. மற்றவை தண்ணீர் பட்டதும் என்ன ஓட்டம்!

மழை விட்டதும் அவற்றைக் குளத்தில் விட்டுவிட்டு, வெறும் அண்டாவோடு வந்து குருவின் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“நாளைக்கு அவளுக்கு ரயிலு, அம்மா.”

“தெரியும், அண்ணாச்சி.”

“அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“ஒன்னும் சொல்ல வேண்டாம். பெட்டியைத் தூக்கிட்டுப் போய் ரயில்ல வச்சுக் குடுங்க.”